பாலம் வரை வரும் வண்டி

மேக்ஸன் ஊரில் தீயணைப்பு வண்டிகள் இரண்டு. ஒன்று, எங்காவது பற்றிக்கொண்டால் ஓடுவது. இன்னொன்று, பையன்கள் ஜெயித்தால் ஓடுவது.

இந்த இரண்டாவது வண்டி மெர்ல் ரென்ஸ்பெர்கர் சட்டை போடத் தெரியாத வயதில் வாங்கியது. தண்ணீர்க் குழாயெல்லாம் எப்போதோ கழற்றியாயிற்று. ஆனால் சைரன் இருக்கிறது, அதுவும் சோளக்காட்டுக்கு அந்தப் பக்கம் மேயும் மாடு தலைதூக்கிப் பார்க்கிற மாதிரி ஒரு சைரன். மேக்ஸன் உயர்நிலைப் பள்ளிப் பையன் எவனாவது மல்யுத்தத்தில் மாநிலப் போட்டிக்குத் தகுதி பெற்றுவிட்டால், அவன் புறப்படுகிற வெள்ளிக்கிழமை மதியம் இந்த வண்டி அவனுக்கு முன்னால் அலறிக்கொண்டு ஆற்றுப் பாலம் வரைக்கும் போகும். பாலம்தான் மாவட்ட எல்லை. அதற்கப்புறம் அவன் பாடு, எதிராளி பாடு. இந்த வழக்கத்தை ஆரம்பித்தது யார் என்று கேட்டால் ஊரில் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள், சண்டையும் போடுவார்கள்.

கடைசியாக வண்டி கிளம்பியது 1997-ல். அன்றைக்குப் பிறந்த குழந்தைகளுக்கெல்லாம் கல்யாணமாகி இடுப்பில் ஒன்று இருக்கிறது. அதற்கப்புறம் வண்டி கொட்டகையை விட்டு வெளியே வரவில்லை. இண்டியானா மாநிலத்தில் மல்யுத்தத்துக்குப் பெரிய பள்ளி, சின்னப் பள்ளி என்கிற பேதம் கிடையாது. மூவாயிரம் பேர் படிக்கிற நகரத்துப் பள்ளியும் நூற்றைம்பது பேர் தேறாத மேக்ஸனும் ஒரே பாயில்தான் மோத வேண்டும். மோதினார்கள், தோற்றார்கள், வீட்டுக்கு வந்தார்கள். வண்டிக்கு ஏது வேலை?

ஆனாலும் தூசு படிந்து கிடந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். மெர்ல் உயிரோடு இருக்கிற வரைக்கும் அது நடக்காது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்ததும் மனிதர் நேரே கொட்டகைக்கு வந்துவிடுவார். கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, வண்டியைத் துடைத்து, எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, ஒரு குழந்தையைத் தூங்கவைத்துவிட்டுப் போகிற மாதிரி சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டுப் போவார். வண்டிச் சாவி அவர் இடுப்பில்தான் இருக்கும். பள்ளிக்குப் பதினைந்து வருஷம் கோச்சாக இருந்தவர், தன்னார்வத் தீயணைப்புப் படையில் மூத்தவர், போதாததற்கு ஒரு காலத்தில் இந்த வண்டிக்குப் பின்னால் போனவர். அவரிடம் சாவியைக் கேட்க யாருக்குத் தைரியம்?

ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய மகள் கெண்ட்ரா இரண்டு கோப்பை காப்பியோடு கொட்டகைக்கு வந்தாள். இப்போது பள்ளியின் கோச் அவள்தான். மாநிலத்தில் பெண் கோச்சுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம், அதில் ஒருத்தி தன் மகள் என்பதில் மெர்லுக்கு உள்ளூரப் பெருமை. வெளியே சொல்ல மாட்டார்.

"அப்பா, சனிக்கிழமை கூட்டம். நீங்களும் வர்றீங்களா?"

"என்ன கூட்டம்?"

"ஆமா, தெரியாது பாருங்க! ஊரே அதைத்தான் மென்னுட்டு இருக்கு. பெரிய ஸ்கூலுக்குத் தனிப் போட்டி, சின்ன ஸ்கூலுக்குத் தனிப் போட்டின்னு பிரிக்கலாமா வேண்டாமா. ஸ்கூலுக்கு ஒரு ஓட்டு. கோச்சுங்கதான் போடணும்."

"நீ எப்படிப் போடப் போறே?"

"இன்னும் முடிவு பண்ணல."

"பொய்யி. மூக்கு சிவக்குது பாரு. நாலு வயசுல பிஸ்கட் திருடினப்பவும் இப்படித்தான் சிவந்துச்சு."

கெண்ட்ரா சிரித்துவிட்டாள். பிறகு வண்டிப் படியில் உட்கார்ந்து, சிரிப்பை விட்டுவிட்டுப் பேசினாள்.

"என்கிட்ட இருக்கறது பதினோரு பசங்கப்பா. எடைப்பிரிவு பதினாலு. ஆளில்லாத எடையெல்லாம் பாய்ல கால் வைக்கறதுக்கு முன்னாடியே எதிராளிக்குப் போச்சு. கேஜ் பையன் இருக்கானே, இருநூத்தி இருபது பவுண்டு. அவனுக்குப் பயிற்சிக்கு யார் நிக்கறா? நான்! நாப்பது வயசு, ரெண்டு புள்ள பெத்தவ. போன வாரம் என்னைத் தூக்கிப் போட்டுட்டு, 'ஸாரி கோச், ஸாரி கோச்'னு அவன் அழுவுறான். நான் இடுப்பைப் புடிச்சுட்டு அவனைத் தேத்திட்டு இருக்கேன். இது நியாயமா, சொல்லுங்க."

"ஆளில்லேன்னா கன்னுக்குட்டியப் புடி. நான் புடிக்கலியா?"

"ஐயோ, மறுபடியும் அந்தக் கன்னுக்குட்டிக் கதையா!"

"கதை இல்லடி, நடந்தது. சின்ன ஸ்கூலுங்க மட்டும் தங்களுக்குள்ள மோதிக்கிட்டு, அதுல ஒருத்தன் ஜெயிச்சு, அவனுக்கு ஒரு மெடலு! குண்டுச்சட்டிக்குள்ள குதிரை ஓட்டறதுக்கு மெடலா? ஆலையில்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சக்கரையாம். நம்ம பசங்களுக்கு அதுவா வேணும்?"

"இலுப்பைப்பூவாவது கிடைக்கட்டுமேப்பா. இப்ப நாக்குல ஒண்ணுமே இல்லியே."

மெர்லுக்கு எங்கிருந்து வந்ததோ கோபம், துடைக்கிற துணியை வாளியில் எறிந்தார். "சரி, பிரிச்சுக்குங்க. ஆனா ஒண்ணு சொல்லிட்டேன், சட்டிக்குதிரைக்கெல்லாம் இந்த வண்டி வெளிய வராது."

கெண்ட்ரா காப்பியைக் குடித்துவிட்டு, அவருடைய கோப்பையையும் எடுத்துக்கொண்டு போனாள்.

அந்தக் கோபத்துக்கு வயது நாற்பதுக்கு மேல். 1978-ல் மெர்ல் பதினேழு வயதுப் பையன், நூற்று அறுபத்தேழு பவுண்டு எடைப்பிரிவு. அந்த எடையில் பள்ளியில் வேறு யாரும் இல்லை. கோச் என்று பெயருக்கு இருந்தவர் தட்டச்சு வாத்தியார். நூலகத்திலிருந்து ஒரு மல்யுத்தப் புத்தகத்தை எடுத்துவந்து, ஒரு கையில் அதைப் பிடித்துக்கொண்டே, "இப்ப இடது காலை... இல்ல, வலது காலை..." என்று சொல்லிக்கொடுத்த புண்ணியவான். மீதிப் பயிற்சியை மெர்ல் அப்பாவின் மாட்டுக் கொட்டிலில் கன்றுகளோடு செய்தான். கன்று புத்தகம் படிப்பதில்லை, ஆகையால் அது எந்தப் பக்கம் திமிறும் என்று யாராலும் சொல்ல முடியாது. அப்படியே அவன் மூன்று சுற்று ஜெயித்து மாநிலப் போட்டிக்குப் போய்விட்டான். ஊருக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த மதியம் இன்றைக்கும் அவர் கண்ணுக்குள் அப்படியே இருக்கிறது. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குப் பனியைத் தள்ளிவைத்திருந்தார்கள். அதன் மேல் ஏறி நின்று சின்னப் பிள்ளைகள் கையாட்டின. ரொட்டிக்கடைக்காரி மாவுக் கையோடு தெருவுக்கு ஓடி வந்தாள். வாத்தியாரின் காரில் முன்சீட்டில் அவன், முன்னால் சிவப்பு வண்டி, சைரன். எடையைக் குறைப்பதற்காக இரண்டு நாளாக ஆரஞ்சுச் சுளை தவிர எதுவும் தின்னவில்லை, கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் அந்தப் பாலம் வரைக்கும் அவன் ராஜா. அப்படி ஒரு சந்தோஷம் பிற்பாடு கல்யாணத்தன்றுகூட அவருக்கு வந்ததில்லை. இதை மனைவி லோயிஸிடம் ஒருமுறை உளறிவிட்டு ஒரு வாரம் சாப்பாட்டுக்குத் திண்டாடினார்.

மாநிலப் போட்டியில் எடைக்குப் பதினாறு பேர். வெள்ளிக்கிழமை ஆளுக்கு ஒரே ஒரு ஆட்டம். ஜெயித்தால் சனிக்கிழமை உண்டு, தோற்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். மெர்லுக்கு எதிரே வந்தவன் ஸ்டான் வோய்சிக், வடக்கே ஏரிக்கரையில் எஃகு ஆலைகள் இருக்கிற ஊர்க்காரன். அவன் பள்ளியில் மூவாயிரத்துச் சொச்சம் பேர். விசில் ஊதினார்கள். மெர்ல் புத்தகத்தில் இருந்தபடி இடது காலை வைத்தான். அடுத்து அவன் பார்த்தது கூரை விளக்குகளை. நடுவரின் உள்ளங்கை பாயில் அறைந்த சத்தம் காதுக்குப் பக்கத்தில் கேட்டது. நாற்பது விநாடி. ஆனானப்பட்ட கன்றுக்குட்டிகூட அவனை அவ்வளவு சீக்கிரம் சாய்த்ததில்லை.

சனிக்கிழமை காலை ஊருக்குத் திரும்பும்போது அவன் பின்சீட்டில் படுத்துக்கொண்டான். யார் முகத்தில் விழிப்பது? பாலத்துக்கிட்டே கார் நின்றது. எட்டிப் பார்த்தால், எதிரே சிவப்பு வண்டி. அதை அந்தக் காலத்தில் ஓட்டியவர் ஆர்வல் ஃபைசல், பன்றிப் பண்ணைக்காரர், பேச்சுக்குக் காசு கேட்கிற ரகம். பண்ணையிலிருந்து அப்படியே சேற்றுக் காலணியோடு வந்திருந்தார். கார்க் கதவைத் திறந்து, "சாப்பிட்டியாடா?" என்றார். அவன் இல்லையென்று தலையாட்டினான். ஒரு காகிதப் பையை மடியில் போட்டார். ரொட்டிக்கு நடுவே பொரித்த முட்டையும் பன்றித்தொடைக் கறியும், எஞ்சின் மேல் வைத்துச் சூடாகவே கொண்டுவந்திருந்தார். அவன் தின்றான், தின்னத் தின்ன அழுகை வந்தது. அவன் முடிக்கிற வரைக்கும் ஆர்வல் முதுகைக் காட்டிக்கொண்டு ஆற்றையே பார்த்தபடி நின்றார். பிறகு அவனை வண்டியில் தன் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு, சைரனைப் போட்டு, ஊருக்குள் கூட்டிவந்தார். ரொட்டிக்கடைக்காரி மறுபடியும் தெருவுக்கு வந்தாள்.

தோற்றவனுக்கு ஏன் வண்டி என்று அவன் கேட்கவில்லை. கேட்பானேன், அவனுக்கே தெரியுமே! தோற்றது யாரிடம்? ஏரிக்கரைக்காரனிடம், மூவாயிரம் பேரில் பொறுக்கியெடுத்த ஒருவனிடம். மலையோடு மோதி மண்டையை உடைத்துக்கொண்டவனுக்கு ஊர் மரியாதை செய்கிறது என்று அவன் எண்ணிக்கொண்டான். அந்த எண்ணத்தை வைத்துத்தான் மெர்ல் இத்தனை வருஷத்தை ஓட்டினார். சின்னப் பள்ளிகளைத் தனியாகப் பிரித்தால் அந்த மலை எங்கே, அந்த மரியாதை எங்கே?

சனிக்கிழமை கூட்டத்துக்கு அவரும் போனார். தலைநகரில் ஒரு ஹோட்டல் கூடம், முந்நூறு பேருக்குக் குறையாது. ஓட்டு இல்லாவிட்டாலும் பழைய கோச்சுகள் பேசலாம் என்றார்கள். மெர்ல் மைக் முன்னால் போய் நின்று, பனிமேட்டில் நின்ற பிள்ளைகளிலிருந்து ஆரம்பித்தார்.

"நான் நாப்பது செகண்டுதாங்க நின்னேன். ஆனா யார்கிட்ட நின்னேன்? இந்த மாநிலத்துலயே பெரிய ஸ்கூல் பையன்கிட்ட. அந்த நாப்பது செகண்டை வெச்சு நான் இன்னிக்கு வரைக்கும் நிமிந்து நடக்கறேன். எங்க பசங்களுக்கு அது வேணும். சின்னதா ஒரு கோப்பையக் குடுத்து, 'போய் ஓரமா விளையாடுங்கடா'ன்னு சொல்லாதீங்க."

கைத்தட்டல் நன்றாகவே இருந்தது. கெண்ட்ராவும் தட்டினாள். அடுத்து, பின்வரிசையிலிருந்து ஒரு மலை எழுந்து வந்தது. நரைத்த தலை, மல்யுத்தக்காரர்களுக்கே உரிய கசங்கிப்போன காதுகள். பெயரைச் சொன்னதும் மெர்ல் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஸ்டான் வோய்சிக்!

"பெரியவர் நல்லாப் பேசினாரு," என்றார் ஸ்டான். "பெரிய ஸ்கூல்னா சொர்க்கம்னு எல்லாரும் நினைக்கறீங்க. எங்க ஸ்கூல்ல என் எடையில மட்டும் ஏழு பேரு. எடைக்கு ஒருத்தன்தான் போகலாம். பெர்னின்னு என் ஃப்ரெண்டு, மதியம் என் பக்கத்துல உக்காந்து சாப்பிடுவான். நாலு வருஷமும் அவனை நான் அடிச்சுத்தான் அந்த உடுப்பைப் போட்டேன். உங்க ஊரா இருந்தா அவன் மாநிலத்துக்கே போயிருப்பான். எங்க ஊர்ல அவன் ஒருநாளும் பஸ் ஏறல. அவனுக்கு என்னங்க நியாயம்? எப்படிப் பிரிச்சாலும் ஒருத்தன் வாசல்லயே நிப்பான். பிரிக்கணுமா, பிரிங்க. சின்னப் பசங்க நாலு பேரு கூடுதலா விளையாடட்டும், நல்லதுதான். ஆனா இதுதான் நியாயம்னு மட்டும் நெஞ்சை நிமித்தாதீங்க."

பிறகு, பிரிக்கலாம் என்கிறவர்களைக் கையைத் தூக்கச் சொன்னார்கள். மெர்ல் வேறு யாரையும் பார்க்கவில்லை. கெண்ட்ராவின் கை மேலே போனது, நடுங்காமல், நேராக. அவள் அப்பா பக்கம் திரும்பவில்லை. பிரிப்பது என்று முடிவாகிவிட்டது, அதுவும் பெரிய வித்தியாசத்தில்.

மெர்லுக்கு மகள்மேல் வந்த வருத்தத்தைவிட வேறொரு பரபரப்பு அப்போது பெரிதாக இருந்தது. சாப்பாட்டுக் கூடத்தில் ஸ்டானைத் தேடிப் போனார். ரொட்டியைவிட இரண்டு மடங்கு அகலமான பொரித்த பன்றிக்கறியோடு ஸ்டான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"என்னைத் தெரியுதுங்களா?"

"நல்லாப் பேசினீங்க, ஐயா. எந்த ஊரு?"

"மேக்ஸன். எழுபத்தெட்டு, வெள்ளிக்கிழமை, நூத்தி அறுபத்தேழு. நீங்கதான் என்னைக் கவுத்தீங்க."

ஸ்டான் மெல்லுவதை நிறுத்திவிட்டு யோசித்தார். நிஜமாகவே யோசித்தார், பாவம், நெற்றியெல்லாம் சுருங்கியது. "மேக்ஸன்... அது எந்தப் பக்கம் இருக்கு?"

"நாப்பது செகண்டு. நான் இடது காலை வெச்சேன், நீங்க..."

"தப்பா நினைக்காதீங்க. சத்தியமா ஞாபகம் இல்ல. அந்த வருஷம் நான் ஃபைனல்ல தோத்தேன். அது மட்டும் ராவும் பகலும் ஞாபகம் இருக்கு, தூக்கத்துலகூட வரும். ஜெயிச்சதெல்லாம் யாருக்குங்க ஞாபகம் இருக்கு? உக்காருங்க, பாதி கறி எடுத்துக்குங்க, என்னால முடியல."

மெர்ல் உட்காரவில்லை. ஊருக்குத் திரும்புகிற வழியெல்லாம் காரில் அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். கெண்ட்ரா தன் ஓட்டைப் பற்றித்தான் அப்பா உம்மென்று வருகிறார் என்று நினைத்தாள். அவருடைய வருத்தமோ வேறு. எந்த மலையோடு மோதினேன் என்று அரை ஆயுசு பீற்றிக்கொண்டாரோ, அந்த மலைக்கு இவர் மோதியதே தெரியாது. அந்த ஆத்திரத்தை ஸ்டான்மேல் காட்ட முடியாது, மனிதர் பாதிக் கறியைக்கூட நீட்டிவிட்டார். பிறகு யார்மேல் காட்டுவது? இளைத்தவன்மேல்தான்.

அடுத்த பிப்ரவரியில் இளைத்தவர்கள் இரண்டு பேர் கிடைத்தார்கள். கேஜ் பிளெட்சர், அந்த அழுகுணிப் பயில்வான், அப்புறம் டக்கர் லாண்ட்ஸ் என்று ஒரு எலிக்குஞ்சு. சின்னப் பள்ளிகளுக்கான முதல் மாநிலப் போட்டிக்கு இருவரும் தகுதி பெற்றுவிட்டார்கள். ஊர் ஒரு குலுக்குக் குலுங்கி எழுந்தது. ரொட்டிக்கடை இப்போது பழைய கடைக்காரியின் பேத்தி கையில், அவள் கண்ணாடியில் இரண்டு பெயரையும் வெள்ளையாக எழுதி வைத்தாள்.

வியாழக்கிழமை கெண்ட்ரா கொட்டகைக்கு வந்தாள். காப்பி இல்லை.

"நாளைக்கு மதியம் கிளம்பறோம். வண்டியை எடுப்பீங்கல்ல?"

"அன்னிக்கே சொன்னேனே."

"அப்பா. பசங்க நெனப்பெல்லாம் மெடல்ல இல்ல, இந்த வண்டி மேலதான். டக்கர் ரெண்டு நாளா அதே கேக்கறான், 'கோச், சைரன் போடுவாங்களா, சைரன் போடுவாங்களா'ன்னு."

"மாநிலப் போட்டிக்குப் போறவனுக்குத்தான் வண்டி. இது மாநிலத்துல பாதி."

"என்மேல கோவம்னா என்னைத் திட்டுங்க. அந்தப் பசங்க என்ன பண்ணாங்க?"

"வழக்கம்னா வழக்கம்தான்."

கெண்ட்ராவின் மூக்கு சிவந்தது, ஆனால் இந்த முறை பொய்யால் இல்லை. "எனக்கு அப்பாவை எடுத்தெறிஞ்சு பேசத் தெரியலப்பா. தெரிஞ்சா இப்ப பேசியிருப்பேன்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

தீயணைப்புப் படைத் தலைவன் வர்ஜில் மெர்லோடு ஒன்றாகப் படித்தவன். அவனும் வந்து பார்த்தான். "டேய், சாவியக் குடுத்துத் தொலையேண்டா. புடிச்ச முயலுக்கு மூணே காலுங்கறே. ஓட்ட நான் ஓட்டறேன்." மெர்ல் அசையவில்லை. தலைவன் என்ற முறையில் வர்ஜில் பிடுங்கியிருக்கலாம், ஆனால் மெர்லிடமிருந்து அந்தச் சாவியைப் பிடுங்குவதும் பல்லைப் பிடுங்குவதும் ஒன்று.

வெள்ளிக்கிழமை மதியம் பள்ளியின் வேன் பிரதான வீதியில் வந்தது. ஜனம் இரண்டு பக்கமும் நின்றது. வேன் கொட்டகைக்கு முன்னால் மெதுவாகி, நின்றது. கண்ணாடிக்குப் பின்னால் டக்கரின் சின்ன முகம் கொட்டகைக் கதவையே பார்த்தது. கதவு திறக்கவில்லை. கொட்டகைக்கு எதிரே தன் வீட்டு ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த மெர்லுக்கு, அந்த ஒரு நிமிஷம் முடியவே முடியாதோ என்று இருந்தது. வேன் நகர்ந்தது. யாரோ இரண்டு பேர் கைதட்டிப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள்.

"திருப்தியா?" என்றாள் லோயிஸ் பின்னாலிருந்து.

அன்றைக்கு அவள் செய்த நூடுல்ஸும் உருளைக்கிழங்கு மசியலும் அப்படியே மிஞ்சின.

சனிக்கிழமை காலை அவர் முகம் மழித்துக்கொண்டிருந்தபோது லோயிஸ் போனை வைத்துவிட்டு வாசலில் வந்து நின்றாள்.

"ரெண்டு பேரும் போச்சுங்க. நேத்தே, முதல் ஆட்டத்துலயே. கிளம்பிட்டாங்களாம், வந்துட்டு இருக்காங்க."

"யார்கிட்டத் தோத்தாங்க?"

"யார்கிட்டயோ! அதுவா இப்ப முக்கியம்? ரெண்டும் நேத்துலேருந்து பச்சத் தண்ணி குடிக்கலியாம். அந்தப் பெரிய பையன் பின்சீட்டுல போர்வையப் போத்திட்டுப் படுத்துக்கிட்டானாம், எழுந்திருக்கவே மாட்டேங்கறானாம். கெண்ட்ரா அழுவுறா."

மெர்லின் கை கன்னத்தில் சோப்போடு நின்றுவிட்டது. யார்கிட்ட. அவர் வாயிலிருந்து முதலில் வந்த வார்த்தை அதுதானே? ஆர்வல் ஃபைசல் அதைக் கேட்கவில்லை. பாலத்தில் கேட்கவில்லை, வண்டியில் வரும்போது கேட்கவில்லை, அதற்கப்புறம் சாகிற வரைக்கும் ஒருநாளும் கேட்டதில்லை. அவருக்கு அது தெரிந்திருக்கவும் வழியில்லை. அந்தக் காலத்தில் வெள்ளிக்கிழமை முடிவுகளை உள்ளூர் ரேடியோவில் ஒரே வரியில் சொல்வார்கள்: மேக்ஸன் ரென்ஸ்பெர்கர், முதல் சுற்றில் தோல்வி. அவ்வளவுதான். மூவாயிரம் பேர் பள்ளியா, முப்பது பேர் பள்ளியா, எதிரே நின்றது மலையா மடுவா, பன்றிப் பண்ணையில் இருந்த மனிதருக்கு என்ன தெரியும்? ஊர்ப் பையன் ஒருவன் தோற்றுவிட்டான், பசியோடு வருகிறான் என்பது மட்டும் தெரியும். அதற்குத்தான் வண்டியை எடுத்தார். இத்தனை வருஷமாக வண்டியை மட்டும் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டு, அது எதற்கு வந்தது என்பதை மறந்து தொலைத்தேனே, மடையன், மடையன் என்று மெர்ல் கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டார்.

"லோயிஸ், முட்டை இருக்கா?"

"எத்தனை வேணும்?" என்றாள் அவள். அடுப்பு ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது. அவளுக்குப் புருஷனைத் தெரியும்.

வண்டி ஒரே திருகில் கிளம்பியது. ஞாயிறு தவறாமல் ஓடவிட்ட எஞ்சின், கிளம்பாமல் என்ன செய்யும்? ஒரு பக்கக் கன்னத்தில் சோப்புக் காய்ந்தபடியே மெர்ல் பாலத்துக்கு ஓட்டினார். காகிதப் பைகள் எஞ்சின் மேல் இருந்தன. வர்ஜில் எங்கிருந்தோ ஓடிவந்து பின்படியில் தொற்றிக்கொண்டான், ஒரு கேலி வார்த்தைகூடச் சொல்லவில்லை. பாலத்தின் இந்தப் பக்கம் வண்டியைக் குறுக்கே நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள். ஆற்றோரமெல்லாம் உறைந்து, நடுவில் மட்டும் தண்ணீர் கறுப்பாக ஓடிக்கொண்டிருந்தது.

வேன் வந்து நின்றது. கெண்ட்ரா ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தாள், இறங்கவில்லை. 'யார்கிட்டத் தோத்தீங்க' என்று கேட்கத்தான் அப்பா வந்திருக்கிறார் என்று அவள் முகத்தில் எழுதியிருந்தது. மெர்ல் அவளைத் தாண்டிப் போய்ப் பின்கதவைத் திறந்தார். டக்கர் சிவப்பு வண்டியைப் பார்த்து வாயைப் பிளந்தான். அவனுக்குப் பக்கத்தில் போர்வை ஒன்று குன்று போல அசைந்தது. கேஜ் எழுந்து உட்கார்ந்தான். கண்ணிரண்டும் வீங்கியிருந்தன.

"சார், நீங்க வந்திருக்க வேண்டாம் சார். தோத்துட்டோம்."

"தெரியும்."

"அதுவும் சார்..." பையன் போர்வை நுனியால் மூக்கைத் துடைத்தான். "பெரிய ஸ்கூல்கூட இல்ல சார். நம்மளைவிடச் சின்ன ஸ்கூலு. தொண்ணூறு பேருதான் படிக்கறாங்களாம். நீங்க சொன்னதா ஊர்ல பேசிக்கறாங்களே, அது சரிதான் சார், குண்டுச்சட்டிக்குள்ளயே குதிரை..."

"அதை யாருடா கேட்டா?" என்றார் மெர்ல். காகிதப் பையை அவன் மடியில் போட்டார். இன்னொன்றை டக்கரிடம் நீட்டினார். "சாப்பிட்டியா?"

கேஜ் இல்லையென்று தலையாட்டினான். பையைப் பிரித்தான். முட்டையும் கறியும் மணத்தன. முதல் வாய் கடித்ததுமே அவன் தோள் குலுங்க ஆரம்பித்துவிட்டது.

ஸ்டியரிங்கிலிருந்து கெண்ட்ராவின் கை தானாக இறங்கியது. "அப்பா," என்றாள்.

"சைரன் நீ போடும்மா. இரு, அவன் தின்னு முடிக்கட்டும்," என்றார் மெர்ல். சொல்லிவிட்டு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு, பையன் தின்று முடிக்கிற வரைக்கும் ஆற்றையே பார்த்தபடி நின்றார்.